கட்டி வைத்திருந்த கேட்

கெரினின் சைக்கிளுக்கு மட்டும் பேட்டரி இல்லை. நாத்தனார் லின்லி, அவளுடைய சிநேகிதி ட்ரிஷ், கெரினின் கணவன் ஹேமிஷ் மூன்று பேருக்கும் வாடகைக் கடையிலிருந்து பேட்டரி சைக்கிள் வந்திறங்கியது. நான்காவது பேட்டரி சைக்கிள் கடையில் இல்லையாம்.

"சின்ன வயசுதானே, மிதிக்கட்டும். பண்ணையையே நடத்தப்போறாளாம், ஒரு சைக்கிளை மிதிக்க மாட்டாளா?" என்றாள் லின்லி.

ட்ரிஷ் சிரித்தாள். ஹேமிஷ் குனிந்து ஹெல்மெட் வாரைச் சரி செய்துகொண்டான். அவன் நிறைய நேரம் எதையாவது சரி செய்துகொண்டுதான் இருப்பான்.

பேச்சு சைக்கிளைப் பற்றியது இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை வீட்டுக்கு வக்கீல் வருகிறார். பண்ணையை மகனுக்கும் மருமகளுக்கும் குத்தகைக்கு எழுதுவதா, விற்றுப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதா என்று மாமனார் கோர்டன் அன்றைக்குச் சொல்லிவிடுவார். மருமகளுக்குத்தான் என்று அவர் மனம் சாய்ந்திருந்தது. ஹேமிஷை நம்பி அவர் நாயைக்கூட விடமாட்டார். இரண்டு வருஷமாக விடிகாலையில் அவரோடு வேலைக்குப் போனவள் கெரின்தான். இந்த மண்ணில் காலூன்ற வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

அது தெரிந்துதான் லின்லி கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கிளம்பி வந்து, "குடும்பமா மூணு நாள் ரயில் தடத்துல போயிட்டு வருவோம்" என்று ஆரம்பித்தாள்.

அந்தக் காலத்தில் ரயில் ஓடிய தடம் அது. தண்டவாளத்தைப் பெயர்த்து, சரளை கொட்டி, சைக்கிளுக்கு விட்டிருந்தார்கள். பண்ணையை நடுவில் பிளந்துகொண்டு போனது. வெள்ளிக்கிழமை காலை புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே தடத்தின் குறுக்கே இருந்த கேட் வந்தது. அகலத் திறந்து, ஓரக் கம்பத்தோடு வைக்கோல் கட்டும் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. மூன்று பேரும் உள்ளே புகுந்து போய்விட்டார்கள். கடைசியாக வந்தவள் கெரின்.

"கேட்டை மூடு!" லின்லி திரும்பிக் கத்தினாள்.

"கட்டி வெச்சிருக்கு அண்ணி. மாமா வேணும்னேதான்..."

"நான் இந்தக் கேட்டுல தொங்கி ஆடி வளர்ந்தவ. எங்க தாத்தா காலத்துலேருந்து இது மூடியேதான் இருக்கும். நேத்து வரைக்கும் பியூட்டி பார்லர்ல முடி வெட்டிட்டிருந்தவ எனக்குக் கேட் பாடம் எடுக்கிறியா?"

"ஆட்டுக்கு வெட்டறதும் மனுஷனுக்கு வெட்டறதும் ஒண்ணுதான்னு நெனச்சிருப்பா" என்றாள் ட்ரிஷ்.

கெரினுக்குத் தெரியும். மேல் வயலின் ஊற்று இந்தக் கோடையில் ஜனவரியிலேயே வற்றிவிட்டது. அங்கே மேயும் ஆடுகளுக்குத் தண்ணீர் இந்தக் கேட்டைத் தாண்டிக் கீழே இருக்கும் தொட்டியில் மட்டும்தான். தொட்டிக்குக் குழாய் போட்டபோது மறுமுனையைப் பிடித்தவளே அவள்தான். அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் சொன்னால் இன்னொரு கிண்டல், அதற்கு இன்னொரு பதில். இன்னும் மூன்று நாள் இவர்களோடு போக வேண்டும். அவள் ஹேமிஷைப் பார்த்தாள். அவன் தூரத்தில் ஒரு காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீம்பா, சலிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. முடிச்சை அவிழ்த்தாள். கேட்டை இழுத்துக் கொண்டியைப் போட்டாள்.

பிறகு மலை வந்தது. மற்றவர்கள் படமெடுத்துத் தள்ளினார்கள். பாலத்தின் மேல் வடமேற்குக் காற்று கன்னத்தில் அறைந்தது. கெரின் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். ரயில் போன சுரங்கத்துக்குள் ட்ரிஷ் "கூ" என்று கத்தி எதிரொலி கேட்டாள். லின்லி இருட்டிலிருந்து, "பின்னாடி ஒருத்தி வரணுமே, வராளா, இல்ல தொலஞ்சாளா?" என்றாள். தொலைந்தால் நன்றாயிருக்கும் என்பதுபோல இருந்தது குரல்.

மதியம் ஒரு மதுக்கடை வாசலில் சீஸ் ரோல் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெயில் கொளுத்தியது. கெரின் ஹேமிஷின் பக்கம் சாய்ந்து, "அந்தக் கேட்டு..." என்றாள்.

"அப்பா பாத்துப்பாரு. சும்மா இரேன்."

அவள் போனை எடுத்தாள். மாமனாரின் நம்பர் வரைக்கும் போனாள்.

"யாருக்கு, எங்க அப்பாவுக்கா? அதுக்குள்ள கோள் சொல்லணுமா?" என்றாள் லின்லி, வெண்ணெய் ஒட்டிய விரலைச் சப்பிக்கொண்டே.

கெரின் போனைப் பையில் போட்டாள். அதற்கப்புறம் எடுக்கவேயில்லை. எடுக்காததற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு காரணம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேன் அவர்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. பண்ணைப் பாதையில் திரும்பும்போதே நாற்றம் வந்தது. கேட் திறந்திருந்தது. கோர்டன் அதன் பக்கத்தில், முழங்கை வரை மண்ணாக நின்றார். கீழே இருக்கும் தண்ணீரின் வாசனைக்கு மேல் வயல் ஆடுகள் அத்தனையும் கேட்டில் வந்து முட்டியிருக்கின்றன. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றின் மேல் ஏறியிருக்கின்றன. செத்தவை மூச்சு முட்டிச் செத்தவை. அவர் இரண்டு நாளாக மறுகோடியில் வைக்கோல் அறுப்பில் இருந்துவிட்டு, அன்று மத்தியானம்தான் வந்து பார்த்திருந்தார்.

"யார் மூடினது?"

"கடைசியா வந்தது அவதான் பா" என்றாள் லின்லி, வேனை விட்டு இறங்குவதற்கு முன்பே.

"நீங்கதானே மூடச் சொன்னீங்க?" என்றாள் கெரின்.

"ஆமா, சொன்னேன். மூடற கேட்டு அது. ஊத்து வத்தினதை யாரு எனக்குச் சொன்னீங்க?"

கோர்டன் மகளைப் பார்க்கவில்லை. "அவளுக்குத் தெரியாது. உனக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "தெரியும் மாமா."

"அப்புறம் ஏன் மூடின?"

"அண்ணி வாயை மூட முடியல. கேட்டை மூடிட்டேன்."

ட்ரிஷுக்குச் சிரிப்பு வந்தது. கோர்டனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"இந்த எடத்துல யாராவது கத்திட்டேதான் இருப்பான்" என்றார் அவர். "கம்பளி வாங்கறவன் கத்துவான், பேங்க்காரன் கத்துவான், நானும் கத்துவேன். கத்தறவனுக்கெல்லாம் கயித்தை அவுத்தா ஒரு உசுரு மிஞ்சாது. நீ அப்படி இல்லன்னு நெனச்சேன். தப்பு என்னோடது." சட்டையில் கையைத் துடைத்தார். "நாளைக்கு வக்கீல்கிட்ட வித்துடச் சொல்லிடறேன்."

"நானும் அதைத்தாம்பா மொதல்லேருந்தே..."

"நீ பேசாத. உன் பங்கு உன் கணக்குக்கு வரும். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வராத."

லின்லியின் முகம் சிவந்தது. மறுபடி வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். கோர்டன் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு, உயிரோடு இருந்தவற்றை ஓட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார்.

ஹேமிஷ் மெதுவாகக் கெரினிடம் வந்தான். "முடியாதுன்னு அவகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம் நீ."

அவள் குனிந்து, செத்துக் கிடந்த ஆட்டின் பின்னங்கால் ஒன்றைப் பிடித்தாள்.

"அந்தக் காலைப் பிடி."

அவன் வேன் பக்கம் திரும்பிப் பார்த்தான். உள்ளே அக்கா உட்கார்ந்திருந்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கெரின் மறு காலையும் தானே பிடித்து இழுத்தாள். கம்பளியோடு ஆடு அவளைவிடக் கனத்தது. தடத்தின் சரளையில் தலை இடறி இடறி வந்தது. ஓரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அடுத்ததற்குத் திரும்பி வந்தாள்.