உப்பிய வாக்குகள்

அந்த ரொட்டிக்கூடம் அங்கே உழைப்போர் அனைவருக்கும் பொதுச்சொத்து. சங்கத்தில் இல்லாதவருக்கு அடுப்படியில் இடமில்லை என்பது முதல் விதி. வாக்கெடுப்பு மாவினால் நடைபெறும்: உருண்டை என்றால் 'ஆம்', தட்டையாக அழுத்தினால் 'இல்லை'. கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும், மாவு காட்டிக்கொடுக்காது என்று தலைவரே வகுத்த முறை அது. அதில் அவருக்குப் பெருமிதமும் உண்டு.

அன்றைய பொருள், அவருடைய தங்கையின் கணவரை நீக்குவது. அடுப்பைக் கவனிக்கும் அந்த மாப்பிள்ளை, கடை நிறைய ஆட்கள் நிற்கையில், தலைவர் பிசைந்த ரொட்டியைத் தட்டிக்காட்டி, "இதை வச்சுச் சுவரே எழுப்பலாம், சிமெண்டு மட்டும் தனியா வாங்கிக்கங்க" என்றிருந்தார். அன்று எழுந்த சிரிப்பு தலைவரின் காதில் இன்னும் அடங்கவில்லை.

மாப்பிள்ளை ஒதுங்கி நிற்க, எல்லோரும் தட்டின்மேல் விரித்த துணிக்கு அடியில் கைவிட்டுத் தத்தம் மாவை இட்டனர். மாலை வகுப்பில் பல நாட்டு அரசியலமைப்புகளை ஒப்பிட்டுப் பயிலும் தங்கை மட்டும் இடவில்லை. சங்கச் செயலாளர் அவர்தாம்.

"அண்ணே, துணியை எடுக்காதீங்க. அவரை யாருமே ஒரு வார்த்தை கேக்கலையே?"

"ஓட்டு விழுந்தாச்சு. நாலு பேர் சொல்றதுதான் சட்டம்."

"ஜெர்மனியில மனுஷனோட கண்ணியத்துல கைவைக்கிற மாதிரி சட்டத்தைத் திருத்தவே முடியாது, நானூறு பேர் சொன்னாலும் சரி. பிரிட்டன்ல எல்லாத்தையும் ஒரே புத்தகமா எழுதி வைக்கலை. ஆனா விசாரிக்காம தண்டிக்காதேன்னு அங்கயும் கோர்ட்டு சொல்லும். வீட்டுக்கு வீடு பூட்டு வேறண்ணே, உள்ள காக்குற பொருள் ஒண்ணுதான்."

"புருஷனுக்கு வக்காலத்தா?" என்றார் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வண்டியோட்டி.

"அதனாலதான் நான் ஓட்டே போடலை. பொண்டாட்டி நீதிபதியா உக்காரக் கூடாது. பேச்சு வாங்குனவரும் உக்காரக் கூடாது."

தலைவருக்குச் சுருக்கென்றது. ஆயினும், அடுக்கிவைத்த தட்டுகளைப் போல் ஒன்றின்மேல் ஒன்றாக நின்ற அவ்வாதம் அவரை வியக்க வைத்தது. "சரி, மாப்பிள்ளை பேசட்டும்" என்றார்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர். ஈஸ்டிலிருந்து தொடங்கினார். "மாவு பொங்குறதுக்குள்ள அடுப்புல தள்ளாதீங்கன்னு தனியா எத்தனை தடவை சொன்னேன் மச்சான்? ஆளுங்க முன்னாடி சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். ரொட்டி கல்லுன்னது தப்பில்லை" என்று முடிப்பதற்குள் அடுத்த பிசைவுக்கான வேளையே வந்துவிட்டது.

தலைவர் துணியை எடுத்தார். தட்டில் ஒரு தட்டைகூட இல்லை! அடுப்பின் வெம்மையில் அத்தனையும் உப்பியிருந்தன. வாக்கிற்கும் எண்ணிக்கைக்கும் நடுவே எவரையும் பேசவிடாத சங்கம் அது. ஆகவே மாவு பொங்க இதுவரை நேரம் வாய்த்ததேயில்லை.

"எல்லாமே உருண்டை! ஒருமனதா நீக்கியாச்சு தலைவரே!" என்றார் வண்டியோட்டி.

ஆம் என்று தலையசைத்தால் போதும், மாப்பிள்ளையின் பிழைப்பு முடிந்தது. தலைவர் தங்கையைப் பார்த்தார். அவர் கெஞ்சவில்லை, காத்திருந்தார்.

தலைவர் உருண்டைகளை ஒன்றாகத் திரட்டிப் பிசைந்தார். "செல்லாது. கேட்டதுக்கப்புறம் போடுறதுதான் ஓட்டு. நானும் தங்கச்சியும் வெளிய நிக்கிறோம்."

வாசலில் தலைவர் கேட்டார்: "இதெல்லாம் உன் புத்தகத்துல எந்தப் பக்கத்துலம்மா இருக்கு?"

"நீங்க இப்ப செஞ்சது எந்தப் புத்தகத்துலயும் இல்லைண்ணே."

இம்முறை மாவு பொங்குமுன்பே துணியை எடுத்தனர்: தட்டில் ஒரே ஓர் உருண்டை, மற்றவை தட்டை. வண்டியோட்டி விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

செல்லாத வாக்குகளை மாப்பிள்ளையே சுட்டெடுத்தார். தலைவர் பிசைந்த அந்த ரொட்டியைத் தட்டிப் பார்த்து, "மச்சான், இதுல சுவர் நிக்காது" என்றார்.