குப்பம்மாள் அடித்த முளைகள்

எழுபத்துநாலு வைகாசி. விடியுமுன்பே கயிறு தோளில் ஏறிவிட்டது. மாடு இழுக்கவேண்டிய கல் உருளையை எட்டுப் பேர் இழுத்தோம். மாட்டுக்காவது வைக்கோல் போடவேண்டும், எங்களுக்கு அதுவும் வேண்டாமே! பழவேற்காட்டு ஏரிக்கரை மணலில் செம்மண் கொட்டி, கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போகிறவர்களுக்குச் சைக்கிள் பாதை போடும் வேலை.

முன்னால் இழுத்த குப்பம்மாள் சட்டென்று நின்றாள். காலில் ஏதோ பிசுபிசுத்தது. குனிந்து தொட்டாள். மஞ்சள் கரு. தலைக்கு மேலே ஆலாப் பறவைகள் கத்திக்கொண்டு சுற்றின. வெளிச்சம் வந்ததும் பார்த்தோம், எதிரே மணல்திட்டு முழுக்க முட்டைகள்.

"ஐயோ, பாவி நான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பாதை போகும் இடத்தைக் காட்ட முளை அடித்தவளே அவள்தான். ஐப்பசியில் அவள் புருசன் திருமலை, லாரிகள் ஓடும் ரோட்டில் சைக்கிளோடு நசுங்கிச் செத்தான். எங்கள் மீனவக் குப்பத்தையே திரட்டிப் போய்ப் பாதை கேட்டு வாங்கினாள். சீக்கிரம் முடியட்டும் என்று, தை மாதம் வெறுமையாய்க் கிடந்த திட்டின்மேல் நேர்க்கோடு காட்டினாள். கோடையில் ஆலா அங்கேதான் முட்டையிடும் என்பது குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். துக்கத்தில் எங்கள் ஒருவருக்கும் அது நினைவில் வரவில்லை.

காண்ட்ராக்டர் வீரராகவன் வந்தார். "இன்னா நின்னுட்டீங்க? இஸ்துகினு போங்க!"

"திட்டைச் சுத்தி வளைச்சுப் போடு மொதலாளி," என்றாள் குப்பம்மாள்.

"இன்னும் ஒரு மாசம் ஆவும். அதுவரைக்கும் உம் புள்ள ராஜவேலு எந்த ரோட்டுல போவான்? அப்பன் செத்த ரோட்டுலதானே?"

பாவி மனுஷன், எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடித்தார். குப்பம்மாள் வாய்விட்டு அழுதாள்.

"ஆமா மொதலாளி. அவனுக்காவத்தான் பாதையே கேட்டேன். ஆனா ஆலா மீனுக்கு எங்க எறங்குதோ அங்கதான் எங்காளுங்க வலை போடுறாங்க. இதை நசுக்கிட்டா குப்பத்துப் புள்ளைங்க இன்னா துன்னும்?"

"வேற ஆளுங்களைக் கொண்டாறேன்."

எங்களோடு இழுத்த செங்கல்வராயன் தோள்கயிற்றைக் கழற்றிக் கீழே போட்டான். "கொண்டா. உருளை முன்னாடி நாங்க குந்திகினு இருப்போம். எங்களை நசுக்கிட்டு அப்பறம் முட்டையை நசுக்கு."

எட்டுக் கயிறும் மணலில் விழுந்தன. வீரராகவன் ஆள் கொண்டுவரப் போனார்.

குப்பம்மாள் முளைகளைப் பிடுங்கி, திட்டைச் சுற்றிச் சவுக்குத்தோப்புப் பக்கம் வளைத்து அடிக்கத் தொடங்கினாள். ரோட்டில் லாரி ஹாரன் கேட்டது. ராஜவேலு வேலைக்குப் போகிற நேரம். அவள் சுத்தியலைத் தாழ்த்தி ரோட்டுப் பக்கம் திரும்பினாள். செங்கல்வராயன் சுத்தியலை வாங்கி அந்த முளையை அடித்தான். அடுத்ததை நான் அடித்தேன்.