பன்னிரண்டு மணிக் குரல்

தண்ணீருக்குத் தானாக மேலே ஏறத் தெரியாது. யாராவது கீழேயிருந்து தள்ள வேண்டும். அந்தத் தள்ளுகிற வேலைதான் எனக்கு. ஆற்றோரப் பம்ப் ஹவுஸில் அதிகாலை நான்கு மணிக்கு மோட்டாரைப் போடுவேன். தண்ணீர் ஒன்பது கிலோமீட்டர் குழாயில் ஏறி, குன்றின் மேலிருக்கும் தொட்டியில் விழும். அந்தத் தொட்டிக்குக் காவலாக ஒருவர் இருக்கிறார். மணிக்கு ஒரு முறை நான்தான் அவருக்குப் போன் செய்ய வேண்டும். நான் பிரஷரைச் சொல்வேன், அவர் தொட்டியில் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று சொல்வார். பதினோரு வருடமாக இதே கதைதான். நேரில் பார்த்ததில்லை. அவர் மேலே இருக்கும் நேரமெல்லாம் நான் கீழே இருந்தாக வேண்டும். அது ஒரு காரணம். பிறகு சோம்பேறித்தனம்.

நான் அவரை மேல்வீட்டண்ணே என்பேன். அவருக்கு நான் கீழ்வீடு.

"என்ன கீழ்வீடு, தண்ணி வருதா இல்ல கண்ணீர் வருதா? சொட்டுச் சொட்டா விழுது."

"வடிகட்டியில குப்பைண்ணே. எடுத்துட்டேன். இப்ப பாருங்க."

"ஆமாய்யா, இப்பதான் தொட்டிக்கு உயிர் வந்திருக்கு."

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஒரு நாளைக்கு ஒன்பது தடவை. என் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. டயர் கடைக்கு மேலே ஒன்றரை அறை வீடு. அந்த ஒன்பது தடவையைக் கழித்துவிட்டால், ஒரு நாளில் நான் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

கடைசி அழைப்பு பன்னிரண்டு மணிக்கு. அதற்கு ஒரு விதி இருந்தது. பிரஷர், அளவு எல்லாம் எழுத்திலும் அனுப்பலாம். ஆனால் மோட்டாரை நிறுத்தி வால்வை மூடுவதை மட்டும் குரலில்தான் சொல்ல வேண்டும். "மூடுறேன்" என்று நான் சொல்ல வேண்டும், "மூடு" என்று அவர் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகுதான் வால்வின் கைச்சக்கரத்தைத் தொடலாம்.

குரல் கம்மத் தொடங்கியது மழைக்காலத்தில். ஜலதோஷம் என்று நினைத்தேன். மழை விட்டது, கம்மல் விடவில்லை. தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். முழுங்கினாலும் போகாது, துப்பினாலும் வராது. சதா கனைத்துக்கொண்டே இருந்தேன்.

"என்னய்யா, மோட்டார் சத்தத்தைவிட உன் சத்தம் பெருசா இருக்கு? கிரீஸ் போடு தொண்டைக்கு" என்றார் அண்ணன்.

இரண்டு மாதத்தில் குரல் பாதியானது. கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும் என்று கிசுகிசுத்தேன். இன்னும் மோசமானது. பிறகு அளவுகளை எல்லாம் செல்போனில் எழுதி அனுப்பத் தொடங்கினேன். பன்னிரண்டு மணியின் அந்த ஒரு வார்த்தைக்காக, காலை முழுக்கத் தொண்டையைச் சேமித்து வைப்பேன்.

எழுத்தில் அண்ணன் வேறு ஆள். நான் பிரஷர் எண்ணை அனுப்பினால் அவர் அடிக்கணக்கை அனுப்புவார். அவ்வளவுதான். கண்ணீரும் இல்லை, கிரீஸும் இல்லை. ஒரு நாள் பதினோரு மணிக்கு அடிக்கணக்குக்குக் கீழே இன்னொரு வரி வந்தது. "இந்த மாசக் கடைசியோட எனக்கு வேலை முடியுது."

அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதுவது? எழுதி அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் "சரி" என்று அனுப்பினேன். அனுப்பிய மறு நிமிடமே அது எவ்வளவு தப்பான வார்த்தை என்று தெரிந்தது. பன்னிரண்டு மணிக்குப் பேசிச் சமாளிக்கலாம் என்று பார்த்தால், "மூடுறேன்" என்பதற்கு மேல் குரல் எழவில்லை. "மூடு" என்று போனை வைத்துவிட்டார்.

மாதம் முடிய இருபத்து நான்கு நாள் இருந்தது. அதற்குள் எனக்குக் குரல் வேண்டும். பதினோரு வருடத்தை "சரி" என்று முடிக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து அது நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் குழாயில் இருக்கும் ஒரு கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பம்புக்கு அடுத்து, குழாய்க்குள் ஒரு இரும்புத் தட்டு மேலிருந்து கீல் போட்டுத் தொங்கும். தண்ணீர் போகும்போது அதுவே தள்ளித் திறந்துகொள்ளும். தண்ணீர் திரும்பப் பார்த்தால், திரும்புகிற தண்ணீரின் கனமே அதைச் சாத்திவிடும். ஆள் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். திடீரென்று கரண்ட் போனால் ஒன்பது கிலோமீட்டர் தண்ணீரும் பின்னுக்குச் சரிந்து வரும். அப்போது அந்தத் தட்டு ஒரு அடி அடிக்கும் பாருங்கள், கட்டடமே குலுங்கும். புதிதாக வருகிறவர்கள் வெளியே ஓடிவிடுவார்கள். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் பம்ப் பிழைத்தது என்று அர்த்தம்.

அன்று வீட்டுக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டு, வழக்கம்போல உடனே படுத்தேன். முக்கால் மணி நேரம் தூங்கியிருப்பேன். புளிப்பாக ஏதோ தொண்டைக்கு வந்தது. அடுத்த நொடி தொண்டைக்குள் கதவு சாத்திக்கொண்டது. மூச்சு உள்ளே போகவில்லை. கொஞ்சம் கூட. எழுந்து ஜன்னலுக்கு ஓடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கீழே டயர் கடைக்காரர் ஒரு சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட நினைத்தேன். காற்று இருந்தால்தானே கூப்பிட? அவர் ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால் என்னைப் பார்த்திருப்பார். தூக்கவில்லை. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து, விசில் ஊதுவது போல ஒரு சத்தத்துடன் மூச்சு உள்ளே போனது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே சக்கரம் பஞ்சர் இல்லை போல, உருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் தொண்டை டாக்டரிடம் போனேன். பெண் டாக்டர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். வாசலில் நின்று வணக்கம் சொன்னேன்.

"வாங்க பெரியவரே, என்ன தொந்தரவு?"

"பெரியவரா? ஐம்பத்து நாலுதான் டாக்டர்."

"குரலைக் கேட்டா எண்பதுன்னு நெனச்சேன்" என்று சிரித்தார்.

மூக்கு வழியாக நூடுல்ஸ் கனத்தில் ஒரு கேமராக் குழாயை விட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் திரையைப் பார்த்ததும் மூக்கை மறந்துவிட்டேன். கூடார வாசல் போல இரண்டு வெள்ளை நாடாக்கள். மூச்சு இழுத்தால் விலகின. "ஈன்னு சொல்லுங்க" என்றார், சேர்ந்துகொண்டு நடுங்கின. அதுதான் என் குரல். வாசலின் பின்பக்கம் முழுக்கச் சிவந்து வீங்கியிருந்தது. எச்சிலை முழுங்கச் சொன்னார். திரை ஒரு கணம் வெளுத்துப்போனது.

"ஏன் டாக்டர் படம் போயிடுச்சு?"

"போகல. எல்லாம் மூடிக்கிச்சு. முழுங்கும்போது குரல்வளை மேல ஏறும், அது மேல ஒரு மூடி கவியும், உள்ள இந்த நாடாவும் சாத்திக்கும். மூச்சும் ஒரு நொடி நிக்கும். சாப்பாடு பின்னால இருக்கிற குழாய்ல இறங்கினதும் திறந்துக்கும்."

நாளுக்கு எத்தனை நூறு தடவை! என் கழுத்துக்குள்ளேயே ஒரு பம்ப் ஹவுஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் அதற்கு ஒரு நாளும் எண்ணெய் விட்டதில்லை. இன்னொரு தடவை முழுங்கிக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"சினிமா இல்லைங்க இது" என்று குழாயை உருவினார். பிறகு தாளில் வரைந்து காட்டினார். உணவுக்குழாய் வயிற்றில் சேருமிடத்தில் ஒரு தசை வளையம். சாப்பாட்டுக்குத் திறந்து, உடனே இறுகிவிட வேண்டும். என்னுடையது தளர்ந்திருக்கிறது. வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது.

"எனக்கு நெஞ்சு எரிஞ்சதே இல்லையே?"

"நிறைய பேருக்கு எரியாது. வயித்துக்கு அமிலம் தாங்குற பூச்சு உண்டு. உணவுக்குழாய் ஓரளவு தாங்கும், எச்சில் இறங்கிக் கழுவிவிட்டுடும். தொண்டைக்குத் தாங்காது. கொஞ்சூண்டு பட்டாலே புண்ணாகும். சில பேருக்கு மரத்துப்போய் கதவு லேட்டா மூடும், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குப் போயிடும். சில பேருக்குத் தொட்டதுக்கெல்லாம் பட்டுனு சாத்திக்கும். நீங்க ரெண்டாவது ஜாதி. நுரையீரலைக் காப்பாத்தத்தான் சாத்துது, பயப்படாதீங்க."

பம்ப் பிழைத்தது. எனக்குப் புரிந்தது.

"சாப்பிட்டதும் என்ன பண்ணுவீங்க?"

"லைனைக் கழுவுவேன்."

"என்னது?"

எங்கள் வேலையில், குழாயில் கசடு நின்றால் நிறையத் தண்ணீரை ஒரே மூச்சில் விட்டுக் கழுவுவோம். தொண்டையில் ஏதோ நிற்கிறது என்றதும் நானும் அதையே செய்தேன். மூன்று மாதமாக, சாப்பிட்டு முடித்து, பெரிய செம்பில் இரண்டு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உடனே படுத்துவிடுவேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்க தொட்டி வழிய வழிய நிரப்பி, அதைச் சாய்ச்சும் வெச்சு, கதவும் லூஸா இருந்தா தண்ணி எங்க போகும்?"

தண்ணீர் தள்ளுவதில் எனக்கு முப்பது வருட சர்வீஸ்.

மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களை அரையடி உயர்த்த வேண்டும். தலையணை அடுக்கினால் வயிறு மடங்குமே தவிர உதவாது. கனைக்கக் கூடாது, ஒரு மடக்குத் தண்ணீர் போதும். கிசுகிசுக்கவும் கூடாது. அது நாடாவை இன்னும் முறுக்குமாம். மெதுவாக, ஆனால் குரலில் பேச வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் சரியாகலாம்.

"இருபத்தோரு நாள்ல வேணும் டாக்டர்."

"குரல் என்ன சட்டையா, அவசரத்துக்குத் தைச்சுக் குடுக்க?"

கட்டிலுக்குப் பம்ப் ஹவுஸிலிருந்து பழைய மரக்கட்டைகள் இரண்டு கொண்டு வந்தேன். மாத்திரையும் சிரமமில்லை. அந்த மூன்று மணி நேரம்தான் முடியவில்லை. ஒரு மணிக்குச் சாப்பிட்டால் நான்கு மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்காலி, ஜன்னல், நான். களைப்பில்தான் உடனே படுக்கிறேன் என்று ஆறு வருடமாக நினைத்திருந்தேன். களைப்பு இல்லை. அந்த மத்தியானத்தை முழித்துக்கொண்டு கடக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். எதிர்ச் சுவரில் வெயில் ஒவ்வொரு செங்கல்லாக ஏறுவதைப் பார்த்தேன். அண்ணனிடம் கடைசி நாள் சொல்ல வேண்டியதை மனதுக்குள் எழுதினேன். முதல் வாரம் அது நீளமாக இருந்தது. பிறகு குறைந்துகொண்டே வந்தது.

பதினைந்தாம் நாள் மறுபடி ஒரு முறை கதவு சாத்தியது. இந்தத் தடவை ஜன்னலுக்கு ஓடவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கரண்ட் போனால் கைச்சக்கரத்தருகே நிற்பது போலக் காத்திருந்தேன். மூக்கு வழியாக, இழுக்காமல், மூச்சை வருகிற அளவுக்கு உள்ளே விட்டேன். திறந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

கடைசி நாள் வந்தது. அன்றும் எண்களை எழுதித்தான் அனுப்பினேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போனை எடுத்துவிட்டேன்.

"அண்ணே."

"யாரது?"

"கீழ்வீடுண்ணே."

"யோவ்! குரலைக் காணலைன்னு மூணு மாசமா தேடுறேன், எங்கய்யா வெச்சிருந்தே?"

குரல் முழுசாக இல்லை. ஓரம் கிழிந்த துணி போல இருந்தது. ஆனாலும் குரல். மனதுக்குள் எழுதியதில் ஒரு வார்த்தை கூட ஞாபகம் வரவில்லை. அதனால் தெரிந்ததைச் சொன்னேன். தசை வளையம், கூடார வாசல், மூடி, படம் வெளுத்தது, இரண்டு செம்புத் தண்ணீர், எல்லாம். செம்பு வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்தவே இல்லை.

"லைனைக் கழுவினியா? அடப்பாவி! நீயா எனக்கு இத்தனை வருஷம் தண்ணி அனுப்பினே?" பிறகு குரல் மாறியது. "நான் போறேன்னு போட்டதுக்குச் சரின்னு போட்டியே. எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு தம்பி."

"தொண்டை இல்லண்ணே. கைக்கும் வேற வார்த்தை வரல."

"ம்."

அவரே பேச்சை மாற்றினார்.

"மத்தியானம் மூணு மணி நேரம் உட்கார்ந்து என்னதான் பண்றே?"

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மா உட்கார்ந்திருக்கேன்."

 மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டி ஆறு நிமிடம்.

"அண்ணே, மூடணும்."

"இருய்யா. இன்னும் அரையடி ஏறட்டும்."

"வழிய விட்டா திரும்பி வரும்ணே. இப்பதானே இவ்வளவு நேரம் சொன்னேன்."

"டாக்டருக்கே டாக்டர் ஆயிட்டே." மூக்கை உறிஞ்சினார். "சரி, சொல்லு."

"மூடுறேன்."

"மூடு."

கைச்சக்கரத்தைத் திருப்பினேன். அன்று அது நிறையச் சுற்றுகள் சுற்றியது போலிருந்தது.

வீட்டுக்கு வந்து முக்கால் வயிறு சாப்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன். வெயில் இரண்டாவது செங்கல்லில் இருந்தது. செல்போனை மடியில் வைத்திருந்தேன். அடிக்கவில்லை. ஏழாவது செங்கல் வரைக்கும் அடிக்கவில்லை. நாளையிலிருந்து தொட்டியில் வேறொருவர் இருப்பார், எண்கள் சொல்வார்.

அப்புறம்தான் உறைத்தது. பதினோரு வருடத்தில் அண்ணன் ஒரு தடவை கூட என்னைக் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவது கீழ்வீட்டின் வேலை. கீழேயிருந்து தள்ளினால்தான் மேலே ஏறும்.

அவர் எண் செல்போனில்தான் இருந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். கனைக்காமல் அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"மணி ரெண்டே கால் ஆகுது, கீழ்வீடு" என்றார். "கால் மணி நேரம் லேட்டு."