கிளைவின் நாலாவது அடி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ரவுண்டானாவில். அதுவும் பாதிதான். மீதியைக் கேட்பதற்குள் டிரைவிங் டெஸ்டில் பாஸாகித் தொலைத்தேன்.

ஷெஃபீல்டில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் கிளைவ் ஓல்ராய்ட். அறுபதைத் தாண்டியவர். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. எனக்குப் பயம் வருவதற்கு முன்பே அவர் கால் அதன்மேல் போய்விடும். எப்படி இவ்வளவு சுறுசுறுப்பு என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் டிரம்ஸ் வாசிச்ச ஆளு, கண்ணு" என்றார்.*

எந்தக் குழுவில் என்றேன். சொன்னார். ரவுண்டானாவின் நடுவில் நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த வேன்காரன் ஹார்னாலேயே என் வம்சத்தைத் திட்டினான்.

[* இந்த ஊரில் ஆண்கள் ஆண்களையே இப்படித்தான் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டுபவர், மீன் வறுப்பவர், தபால்காரர், எல்லோரும். ஆங்கிலத்தில் 'லவ்', நேர்ப் பொருள் 'அன்பே'. அப்படி எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், அதனால் 'கண்ணு'. இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்திருங்கள்.]

2

முதல் வரிக்காக நான் பட்ட பாடு இது:

'1982-ஆம் வருடத்து மழைக்காலத்தில்' — அடித்துவிட்டேன். இங்கே எது மழைக்காலம், எது இல்லை?

'புகழ் என்பது ஒரு' — இதையும் அடித்துவிட்டேன். புகழைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். குழுவின் பெயர் கிளாஸ் டைம்டேபிள். ஏட்ரியன் ஸ்பைட் பாடுவான், சிந்தசைசர் வாசிப்பான். கிளைவ் டிரம்ஸ். இருவரும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்ச். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை, மன்னிக்க வேண்டும். அவர்களுடைய ஆல்பம் 'ஃபைன் லேட்டர்'. வானிலை அறிக்கையில் தினமும் சொல்லும் பொய் அது: பிறகு வெளுக்கும். ஆல்பம் விற்பனையில் முதலிடம். நாடு முழுக்கப் பையன்கள் சலூனில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மறைக்கும் ஏட்ரியனின் முன்முடி வேண்டும் என்று அடம்பிடித்தார்கள்.

அட்டையில் 'டிரம்ஸ்: கிளைவ் ஓல்ராய்ட்' என்று அச்சாகியிருக்கிறது. ஆனால் அந்த ஆல்பத்தில் கிளைவ் ஒரு அடிகூட அடிக்கவில்லை.

3

நடந்தது இதுதான். லண்டனில் ஒலிப்பதிவு. கிளைவுக்குக் கடைவாய்ப்பல் வீங்கி, டாக்டரிடம் போயிருந்தார். அவர் வரும்வரை தாளத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு டிரம் மெஷினை வாடகைக்கு எடுத்தார்கள். பட்டனைத் தட்டித் தட்டித் தாளத்தைப் பதிய வைத்தவன் ஏட்ரியன். தட்டும்போது அவன் மற்ற கையில் ஷெஃபீல்டுப் பலகாரம் இருந்தது: வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டிக்கு நடுவே சுடச்சுட வறுத்த உருளைக்கிழங்கு. கையை மாற்றினான். வெண்ணெய் விரல் வழுக்கியது. ஒவ்வொரு பல்லவியின் முடிவிலும் நாலு அடி விழ வேண்டும். மூன்றுதான் பதிவாயிற்று; மெஷின் அதையே எல்லாப் பல்லவியிலும் திருப்பி வாசித்தது.

கிளைவ் கன்னத்தில் துணிக்கட்டோடு திரும்பி வந்தார். கேட்டார். நாலாவது விழவில்லையே என்றார். தயாரிப்பாளர் ஜூலியன் ஃபேன்ஷா, பெரிய இடத்துப் பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அதான் பாட்டே. அந்த இடத்துல நெஞ்சு ஒரு தடவை நின்னு போகுது பாருங்க. எல்லாப் பாட்டுக்கும் மெஷினே இருக்கட்டும்."

கிளைவ் ஏட்ரியனைப் பார்த்தார். அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"நல்லாத்தானே இருக்கு, கிளைவ்."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்" என்றார் கிளைவ் என்னிடம். அதுவரை ஏட்ரியன் அவரைக் கண்ணு என்றுதான் கூப்பிட்டிருந்தானாம், ஒன்பது வயதிலிருந்து. அடுத்த மூச்சில் இண்டிகேட்டரைப் போடச் சொன்னார்.

4

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கிளைவை ரொம்ப நல்லவராக எழுதிக்கொண்டிருக்கிறேனோ? வஞ்சிக்கப்பட்ட மனிதன், வீங்கிய கன்னம். கண்ணீர் விடச் சொல்லி உங்கள் தோளை நான் பிடித்து உலுக்குவது எனக்கே தெரிகிறது.

அவர் ஒன்றும் அப்பாவி இல்லை. அட்டையில் பெயர் வந்தபோது வாயைத் திறக்கவில்லை. ஒரு பத்திரிகைக்காரர் அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டபோது, "அடிக்கிறது யாரு வேணா செய்யலாம். அடிக்காம இருக்கிறதுதான் வேலை" என்று சொன்னார். அது தலைப்பாக வந்தது. டிரம்ஸ் கற்கிற பையன்கள் அதைச் சுவரில் ஒட்டிவைத்தார்கள். 'எவ்வளவு பெரிய புளுகு' என்று எழுதி, அந்த வரியை எடுத்துவிட்டேன். பிறகு மறுபடி சேர்த்துவிட்டேன்.)

5

வியாழக்கிழமை சாயங்காலம் நாடே உட்கார்ந்து பார்க்கும் பாட்டு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே யாரும் நிஜமாக வாசிப்பதில்லை. இசைத்தட்டை ஓடவிட்டு, அதற்கு வாயசைப்பதும் கையசைப்பதும்தான் வழக்கம். டிரம்ஸில் ரப்பர் போர்த்தியிருப்பார்கள், தாளத்தட்டு பிளாஸ்டிக். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் வராது.

ஒத்திகையில் முதல் பல்லவி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கிளைவின் கை நாலாவதற்கும் இறங்கிவிட்டது.

சத்தம் இல்லைதான். ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே. பாட்டில் இல்லாத அடியை டிரம்மர் அடிக்கிறான் என்றால், இந்தப் பாட்டை வாசித்தவன் இவன் இல்லை என்று அர்த்தம். மறுபடி ஒத்திகை. மறுபடி கை இறங்கியது. பிடித்துப் பார்த்தார், எண்ணிப் பார்த்தார், பல்லைக் கடித்துப் பார்த்தார். நாலு அடிக்கே பழகிய கை, மூன்றில் நிற்க மாட்டேன் என்றது. ஜூலியன் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: ஒளிபரப்பிலும் இப்படி நடந்தால், நாடு சுற்றும் கச்சேரிகளுக்கு மெஷின் மட்டும் போதும்.

கிளைவ் கேன்டீனில் வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ஷெஃபீல்டில் அவர் அம்மா வீட்டில் டிவிக்கு முன்னால் தெருவே கூடியிருந்தது. டீ ஆறிப்போயிருந்தது. முகத்தில் பவுடரோடு ஏட்ரியன் வந்து நின்றான்.

"ஒரே ஒரு அடி. விட்டுடேன்டா."

"அது உன் தப்புடா. உன் தப்பை நான் ஏன்டா மனப்பாடம் பண்ணணும்?"

ஏட்ரியன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மேடைக்கு அழைத்துவிட்டார்கள்.

இதைச் சொன்னபோது நாங்கள் என் டெஸ்டுக்காகப் போய்க்கொண்டிருந்தோம். 'பாட்டு ஆரம்பிச்சிடுச்சு. பல்லவி வருது. என் கை மேல போச்சு' என்றார் கிளைவ். பிறகு, இடதுபுறம் ஓரங்கட்டு, இடம் வந்தாச்சு என்றார். ஒரு வாக்கியத்தைப் போய் யாராவது இப்படி நிறுத்துவார்களா? நான் ஓரங்கட்டினேன். டெஸ்டில் பாஸானேன். அதற்குப் பிறகு அவர் காரில் ஏற எனக்குக் காரணம் இல்லை.

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அடிக்கவில்லை. கை காற்றில் நின்றது. அம்மா தெருவுக்கே கேக் வெட்டினார். கச்சேரிக்குக் கச்சேரி, ஊருக்கு ஊர், மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவனின் வெண்ணெய் விரலை நடித்துக்காட்டி — போதும். இதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

அடித்துவிட்டார். வேண்டுமென்றே, நாடே பார்க்க. அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறி — இது சினிமா. எனக்குப் பிடித்திருக்கிறது, அதனாலேயே நம்பிக்கை இல்லை.

குழு இரண்டு வருடத்தில் கலைந்தது. இந்த வழியில் போனாலும் அந்த வழியில் போனாலும் அவர் கடைசியில் என் பக்கத்து சீட்டில்தான் வந்து உட்காருகிறார். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

இணையத்தில் அந்த ஒளிபரப்பு இருக்குமே, பார்க்க வேண்டியதுதானே என்கிறீர்கள். பார்க்காமல் இருப்பேனா? ஒவ்வொரு பல்லவியின் முடிவிலும் கேமரா ஏட்ரியனின் முகத்துக்குப் போய்விடுகிறது. அந்த முன்முடி படுத்திய பாடு. நான் கத்தினேன், என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆனால் கடைசிப் பல்லவியில் ஒன்று இருக்கிறது. மூன்றாவது அடி விழுந்ததும் ஏட்ரியன் கேமராவை மறந்து, டிரம்ஸ் பக்கம் திரும்புகிறான். உதடு அசைகிறது. அந்த இடத்தில் பாட்டில் சொல் எதுவும் இல்லை. ஒரே ஒரு சின்னச் சொல். 'விடு' என்று கெஞ்சியிருக்கலாம். 'அடி' என்றும் சொல்லியிருக்கலாம். நான் உங்களை ஞாபகம் வைத்திருக்கச் சொன்ன சொல்லாகவும் இருக்கலாம்.

7

கிளைவின் எண் என் போனில் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். அவர் அடித்தாரா என்பதல்ல என் பயம். ஏட்ரியன் என்ன சொன்னான் என்று நான் கேட்டு, அவர் 'ஒண்ணும் சொல்லலையே' என்றுவிட்டால்? அவருக்கு டிரம்ஸ் பின்னாலிருந்து அது தெரியாமலே போயிருந்தால்? அதை நான் போய்ச் சொல்ல வேண்டுமா?

அதனால் முடிவை உங்களிடம் தள்ளுகிறேன். மேஜையோ, தொடையோ, கிட்டே எது இருக்கிறதோ, அதில் தட்டுங்கள். சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லை. உங்களை ஒன்பது வயதில் செல்லமாகக் கூப்பிட்ட ஒரு நண்பன் இருப்பான். இப்போது முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அவன் எதிரே நின்று, உங்களையே பார்த்து, வாயைத் திறக்கிறான்.

ஒன்று. இரண்டு. மூன்று.