ஐந்து மணி பஸ்ஸும் கடைசி ரீலும்

மீன்காரி வியாகுலம் பார்த்த எந்தப் படத்திலும் வில்லன் பிடிபட்டதே இல்லை. கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து வந்து ராமநாதபுரத்தில் மீன் விற்று முடித்ததும் தோழிகளோடு மேட்னிக்குப் போய்விடுவாள். மீன்கூடையை ஏற்றிக்கொள்ளும் பஸ் ஒன்றே ஒன்று. அது ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். திரையில் சண்டை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து இவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மிச்சக் கதையைப் பஸ்ஸில் வியாகுலம்தான் தானாகக் கட்டிச் சொல்லி முடிப்பாள்.

ஒருதரம் தியேட்டர் மேனேஜர் முத்துராமலிங்கத்திடம், படத்தை அரைமணி முன்னால் போடச் சொல்லிக் கேட்டாள். டிக்கெட்டுக்கு அடிதடி நடந்த காலம் அது. மனுஷர் இளக்காரமாகச் சிரித்தார்.

"மீன்காரிக்காக நான் கடியாரத்தத் திருப்பணுமாக்கும்?"

அந்தச் சிரிப்பு மீன்முள் மாதிரி அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பிறகு கீழக்கரைக்குத் துபாயிலிருந்து வீடியோ டெக் வந்தது. தெருத்தெருவாகக் கேபிள் வந்தது. வரிசையில் நின்று சட்டை கிழிந்தவர்களெல்லாம் வீட்டில் கால்நீட்டிப் படுத்தபடி படம் பார்த்தார்கள். மாறாதவர்கள் மீன்காரிகள்தான். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் நடுவில் எவனாவது சோறு கேட்பான். அது அவர்களுக்குத் தோதுப்படாது.

ஒருநாள் முத்துராமலிங்கம் மீன் மார்க்கெட்டுக்கே வந்து நின்றார்.

"மேட்னிய நிறுத்தச் சொல்றாரு மொதலாளி. நீ இன்னும் நாலு பேரக் கூட்டியாந்தா ஓட்டிரலாம், ஆத்தா."

ஆத்தாவாம்! வியாகுலத்துக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"மார்க்கெட்டே வரும் மேனேஜரய்யா. படத்த ரெண்டு மணிக்குப் போடணும். கூடைய வைக்க நெழலு வேணும்."

"சரி ஆத்தா."

"கடியாரத்தத் திருப்பிருவீகளா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். பாவம், வேறென்ன செய்வார்!

மறுநாள் பெண்கள் பக்கம் நிறைந்து, ஆண்கள் பக்கமும் மீன்காரிகளே உட்கார்ந்தார்கள். வில்லன் பிடிபட்டான். தாலி ஏறியது. திரையில் 'வணக்கம்' விழுந்தது. ஒருத்தியும் எழவில்லை, கை வலிக்கத் தட்டினார்கள். வியாகுலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"யக்கா, நீ பஸ்ல சொல்ற முடிவுதான் இதவிட நல்லாருக்கும்" என்றாள் பக்கத்திலிருந்த ஜெபமாலை. தியேட்டரே சிரித்தது.

"அது தெரியணும்னுதானடி கடைசிவரைக்கும் பாக்கக் கேட்டேன்!"

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். கூடைகளோடு ஆடி அசைந்து அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, பஸ் இன்னும் வந்திருக்கவில்லை.