பூசாத சுவரும் நல்லம்மாளின் வலது காலும்

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாகப் பிறந்திருக்க வேண்டியது. ‘கோபுரங்கள் யாருக்காக?’ என்று தலைப்புக்கூட வைத்திருந்தேன். எங்கள் ஊர் ஜெலுத்தோங்கில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கிய இடம் மாதா கோயிலின் முகப்பாக அமைந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தேன், துண்டறிக்கை கெட்டது.

சுவர் முழுவதும் செங்கல். பூச்சில்லை, பூவேலையில்லை, பொன்முலாமில்லை. ஒரு கல் நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில். கீழ்வரிசையின் மூட்டைத் தன் வயிற்றால் மூடிக்கொண்டு மேல்வரிசை ஏறுகிறது. வாசல் வளைவில் கற்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. தள்ளுவதாலேயே விழாமல் நிற்கின்றன. தன்னைத் தாங்குவது எது என்பதை ஒளிக்காத கட்டடம். மேடைதோறும் மனிதரிடம் நான் கெஞ்சியும் கிடைக்காத நேர்மையை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளிலிருந்து இந்தச் சுவர் ஓசையின்றிக் கடைப்பிடித்து வந்திருக்கிறது. கடவுளை மறுப்பவன் கோயிலின்மேல் காதல் கொண்டான். தோழர்கள் பொறுத்தருள்க.

(அடிக்குறிப்பு: காதல் சுவரின்மேல் மட்டும். பீடத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.)

2

தொடக்கங்கள்.

‘கதிரவன் தன் செங்கரங்களால் செங்கல் மேனியைத் தழுவிய—’ வேண்டாம். கதிரவனுக்கு வேறு வேலை இருக்கிறது.

‘ஓங்கி உயர்ந்த மணிக்கூண்டே, நீ யாருடைய வியர்வையில்—’ இது மழைக்கு முந்தைய நான்.

‘1993ஆம் ஆண்டில், சற்குணத்தின் திருமணத்துக்கு முந்தைய வாரம், அவளுடைய மாமியாராகப் போகிறவர் கோயிலைப் பார்க்க வந்தார்.’ இது ஆடாமல் நிற்கிறது. இதன்மேல் அடுக்குவோம்.

3

சற்குணம் இந்தக் கோயிலின் பங்கில், கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள். பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் வரைபவள். கோயிலை இடித்துவிட்டு அகலமாகக் கட்டலாம் என்று பேச்செழுந்தபோது, விடுமுறை நாள்களில் ஏணி வைத்து ஏறி, வளைவு வளைவாக அளந்து, முழுக் கோயிலையும் தாளில் இறக்கியவள் அவள். அந்த வரைபடத்தைக் கண்ட பிறகே இது பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று. இனி அனுமதியின்றி ஓர் ஆணியும் அடிக்கக்கூடாது. அங்கேதான் தன் கழுத்தில் தாலி ஏற வேண்டும் என்பது அவள் உறுதி.

மணமகன் வாசு, வீடுகளுக்குச் சாயம் அடிப்பவன், இந்து. பாதிரியார் இசைந்துவிட்டார். இசைய வேண்டியவர் வாசுவின் தாய் நல்லம்மாள். தாய் வராத திருமணத்தில் வாசு மாலை போடமாட்டான்.

நல்லம்மாள் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்மா, காசு பத்தலையா?”

“இல்ல அத்தை. கட்டுனதே இப்படித்தான்.”

“பூசாத வீடு முடியாத வீடுலா. முடியாத வீட்டுல யாராச்சும் தாலி கட்டுவாங்களா? பாசார்ல மீன் வாங்குறப்ப நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது?”

“அறுபது வருசமா இதுக்குள்ளதான் கட்டுறாங்க.”

“அதான் ஒங்க ஆளுங்க கல்யாணப் போட்டோவுல ஒருத்தரும் சிரிக்கிறதில்ல.”

சற்குணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது. நல்லம்மாள் உள்ளே வராமலே திரும்பிப் போனார்.

[இந்த இடத்தில் சற்குணத்துக்கு ஒரு சொற்பொழிவு எழுதினேன். ‘பூச்சு என்பது பொய், அத்தையே, பொய்க்கு வெள்ளையடித்து வாழ்ந்த சமுதாயம்—’ அவள் பேச மறுத்தாள். மாமியாரிடம் அப்படிப் பேசும் மருமகளை நான் என் நாடகங்களில் மட்டுமே கண்டிருக்கிறேன். நீக்கினேன்.]

4

வாசுவின்மேல் எனக்கு ஐயம் இருந்தது. கோழையாக இருப்பான் என்று எண்ணினேன். அதைவிட ஆபத்தானவனாக இருந்தான், அன்பானவன்.

ஜெலுத்தோங்கில் திருமணம் குறித்த வீட்டுக்குச் சாயம் அடிக்காமல் விடமாட்டார்கள். பந்தல் வருவதற்கு முன் வாளி வந்துவிடும். வாசுவின் பிழைப்பே அதுதான். ஆகவே, சனிக்கிழமை காலை சற்குணம் வேலைக்குப் போனதும், பாதிரியார் வெளியூரில் இருந்த வேளை பார்த்து, கூட்டாளி காஜா மொய்தீனுடன் வந்து வடக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினான். மணப்பெண்ணுக்கு அன்பளிப்பு.

மதியம் சற்குணம் திரும்பியபோது, அவள் கல் கல்லாக வரைந்த சுவரில் பாதி, தயிர்ச்சோறு அப்பியதுபோல் இருந்தது.

“வாசு, எறங்கு.”

“இரு, இன்னொரு கை அடிச்சா பளிச்சுனு—”

“எறங்குன்னேன்.”

காஜா மொய்தீன் ஏணியை விடாமல் சொன்னார்: “நான் அப்பவே சொன்னேன் தங்கச்சி. இவன்தான் சர்ப்ரைஸ்லான்னான்.”

“இடிக்கக்கூடாதுன்னுதானே நீ சொன்ன,” என்றான் வாசு. “அழகாக்கக்கூடாதுன்னு சொல்லவே இல்லையே.”

சற்குணம் ஏணியடியில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையை விட்டுவைத்தால் கோயில் போயிற்று, அதுவும் அவளாலேயே. கழுவினால் நல்லம்மாள் வரமாட்டார், திருமணம் போயிற்று. இவ்வளவு பெரிய கேட்டை இவ்வளவு ஆசையோடு செய்தவனை எப்படித் திட்டுவது? எழுந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.

5

முடிவுகள்.

அ. மழை கொட்டிச் சுண்ணாம்பைக் கழுவிவிடுகிறது. அழகுதான். ஆனால் வானத்திலிருந்து உதவி வரும் என்று நானே பரப்புரை செய்தால் என் பகுத்தறிவுக் கழகம் என்னை நீக்கிவிடும்.

ஆ. இருவரும் சீர்திருத்தத் திருமணம் செய்துகொள்கிறார்கள். தலைமை: நான். சிறப்புரை: நானே. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. சற்குணம் என்னைப் பார்த்தாள். தாளைக் கிழித்தேன்.

இ. இதை நான் திட்டமிடவில்லை. காய்வதற்குள் கழுவிவிட வேண்டும் என்று மூவரும் தென்னைநார்த் தும்புக்கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தபோது நல்லம்மாள் வந்து சேர்ந்தார். மகன் கோயிலுக்கு வெள்ளையடிக்கும் செய்தி பாசார் வரை போய்விட்டிருந்தது.

“அடிச்சதை எதுக்குடா அழிக்கிற?”

“இவ அழுவுறாம்மா.”

“அழுவல அத்தை. கண்ணுல சுண்ணாம்பு.”

நல்லம்மாள் சுவரருகே போனார். கழுவிய இடத்தில் செங்கல் ஈரத்தோடு சிவந்திருந்தது. கற்களின் இடைவரியில் விரலை வைத்து, மூலை வரை நடந்தார். வரி எங்கும் கோணவில்லை.

“பூசி மறைக்கப்போற சுவத்தை எவன் இவ்வளவு ஒழுங்கா அடுக்குவான்?” என்று சுவரிடமே கேட்டார். பிறகு மகன் கையிலிருந்த தும்புக்கட்டையைப் பிடுங்கினார். “மெதுவாத் தேய்டா. கூலி வேலைன்னு நெனப்பா?”

“கல்யாணத்துக்கு வருவீங்களா அத்தை?”

“மொதல்ல சுவரு காயட்டும்.”

6

சுவர் காய்ந்தது. திருமண நாள் வந்தது. மணமக்கள் பீடத்தின் முன் நின்று வாசலையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டுப்புடவை உடுத்திய நல்லம்மாள், வளைவுக்கு வெளியே படியருகில். ஆர்மோனியம் வாசிப்பவர் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

“போய்க் கூப்பிடவா?” என்கிறான் வாசு.

“வேணாம். அவங்க காலு. அவங்களா வைக்கட்டும்,” என்கிறாள் சற்குணம்.

எனக்கோ நாக்கு ஊறுகிறது. மக்களைப் பேசிப் பேசியே படி தாண்ட வைத்துப் பழகியவன் நான். ஒரு வாக்கியம் எழுதினால் போதும், நல்லம்மாள் உள்ளே வந்துவிடுவார். ‘அப்போது அந்தத் தாயின் உள்ளத்தில்—’ இல்லை. எழுதமாட்டேன். என்னால் தள்ளப்பட்டு உள்ளே வருபவர், என்னைவிட நன்றாகத் தள்ளத் தெரிந்த ஒருவரால் வெளியேயும் போவார்.

நல்லம்மாள் வலது காலைத் தூக்கிவிட்டார். அது இன்னும் கீழே வரவில்லை.

வாசகரே, நீங்கள் அவருக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். சற்று விலகி வழி விடுங்கள். அவர் முதுகில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.