வெள்ளைக்கல் வரைக்கும்

விடியலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. உப்பளத்துக்குத் தெற்கே, கழிமுகத்துச் சதுப்பில், பெண்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர். வாயில் பனை ஓலைப் பறி. இறால் தடவுகிறவளுக்கு இரண்டு கையும் தண்ணீருக்குள் வேண்டும். பிடித்ததைப் போடக் கூடையும் வேண்டும். அதனால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். இறங்கிவிட்டால் பேச்சு கிடையாது. மூச்சும் தண்ணீர்ச் சலசலப்பும்தான்.

முன்னால் போனவள் செல்வாம்பாள். முன்னால் போகிறவளுக்கு அடையாளம் வெள்ளைக்கல். கல் வரைக்கும் தரை கெட்டி, வேகமாக நடக்கலாம். கல்லைத் தாண்டினால் சேறு. காலால் துழாவித் துழாவித்தான் அடி வைக்க வேண்டும்.

அந்தக் கல்லை அரசாங்கம் நட்டது இவர்களுக்காக அல்ல. கல்லுக்கும் ஆழத் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஈரநிலம். அங்கே யாரும் கட்டக்கூடாது, மண் கொட்டக்கூடாது. அதற்கான எல்லைக்கல் அது. அலையாத்திச் செடியும் இறால் குஞ்சும் அந்த இடைவெளியில்தான் வளர்கின்றன. சட்டத்துக்கு அது எல்லை. இந்தப் பெண்களுக்கு வழி.

அன்றைக்கும் மங்கலில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. செல்வாம்பாள் அதைப் பார்த்து வேகமாக நடந்தாள். கல்லுக்கு இன்னும் நாலு எட்டு இருக்கும்போதே காணாமல் போனாள்.

கத்தவில்லை. வாயில் பறி இருந்தது.

பின்னால் வந்த வெரோனிகா தன் பறியைத் துப்பிவிட்டுப் பாய்ந்தாள். கை கிடைத்தது. வளையல் நொறுங்கும் அளவுக்குப் பிடித்து இழுத்தாள். அஞ்சலாட்சி வெரோனிகாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். சேறு விடவில்லை. விட்டபோது, செல்வாம்பாளுக்கு மூச்சு இல்லை; பல் இன்னும் பறியைக் கவ்வியே இருந்தது.

ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிப் போனது. போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு அளக்கறவங்களோட வருவோம், யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிப் போனார். அதற்கப்புறம்தான் முருகையன் ஓடி வந்தான். செல்வாம்பாளின் புருஷன். பக்கத்திலேயே, முதலாளி இளஞ்செழியன் கட்டும் படகுச் சவாரி ஓட்டலில் கூலி வேலை.

"எங்க விழுந்தா?"

வெரோனிகா கையைக் காட்டினாள். "கல்லுக்கு இந்தாண்ட. அங்க எப்படிண்ணே பள்ளம் வந்துச்சு? கல்லு வரைக்கும் கெட்டித் தரைதானே!"

முருகையன் கல்லைப் பார்த்தான். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

"கல்லு அங்க இல்ல வெரோனிகா. நேத்து நாங்கதான் பேத்து அங்க கொண்டுபோய் நட்டோம்."

பெண்கள் எல்லோரும் கல்லைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓட்டலை முன்னால தள்ளிக் கட்ட எடம் வேணும்னு மொதலாளி சொன்னாரு. தண்ணி எறங்கற வத்தம் பாத்து, சேத்து மேல பலகை போட்டு தூக்கிட்டுப் போனோம். அடியில ஜல்லி கொட்டி நட்டோம். பலகை மேலதானே நடந்தோம், கீழ என்னா இருக்குன்னு எங்க காலுக்குத் தெரியலியே!" அவன் தலையில் அறைந்துகொண்டான். "சோறு போடறப்ப கேட்டாம்மா, தோளு ஏன் செவந்திருக்குன்னு. கல்லு தூக்கினேன்னேன். எண்ணெ தடவி விட்டா. எந்தக் கல்லுன்னு அவளும் கேக்கல. நானும் சொல்லல."

வெரோனிகா அவன் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. சாலையில் கார் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு வேன்; அதில் முருகையனோடு வேலை பார்ப்பவர்கள், கையில் கடப்பாரை, பலகை. இளஞ்செழியன் செருப்பைக் கழற்றாமல் கரை விளிம்பில் நின்றார்.

"முருகையா, மனசு கேக்கலப்பா. காரியம் எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ. டேய் ஜோசப், கல்லைப் பேத்து பழைய எடத்துலயே நட்டுடுங்க. சீக்கிரம்."

அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லது சாமி. இன்னொருத்தி சாவாம இருக்கட்டும்."

ஆட்கள் சேற்றின் மேல் பலகை போட்டார்கள். முதல் கடப்பாரை கல்லடியில் இறங்கப் போகும்போது வெரோனிகா எழுந்தாள்.

"இருங்க. யாரும் தொடாதீங்க!"

"ஏம்மா, கல்லை எடத்துலதானே வெக்கச் சொல்றேன்?" என்றார் இளஞ்செழியன்.

"நாளைக்கு அளக்க வர்றாங்க. வந்து பாத்தா கல்லு சரியான எடத்துல நிக்கும். பள்ளம் கல்லுக்கு அந்தாண்ட இருக்கும். தெரிஞ்சே போயி விழுந்தாளாம், திமிர் புடிச்சவளாம்னு எழுதிட்டுப் போவாங்க. அதுக்குத்தானே இவ்ளோ அவசரம்?"

"போட்டோ எடுத்து வச்சுக்கலாமேக்கா" என்றாள் ஒருத்தி.

"சேத்தைப் போட்டோ எடுத்தா எல்லாம் ஒரே சேறுதான்டி. கல்லு இங்கயே நிக்கணும். அவங்க கண்ணால பாக்கணும்."

இளஞ்செழியனின் குரல் மாறியது. "கல்லை நகத்தினது யாரு தெரியுமா? இதோ உக்காந்திருக்கானே, இவன்தான். கேஸுன்னு வந்தா மொதல்ல உள்ள போறது இவன். பொண்டாட்டியைக் கொன்னவன்னு ஊரே பேசும். பரவாயில்லயா முருகையா?"

முருகையன் எழுந்தான். பலகை மேல் நடந்து போனான். கல்லின் மேல் இரண்டு கையையும் வைத்தான்.

"பேசட்டும். நான்தான் நட்டேன். நட்டதை நானே சொல்றேன். நடச் சொன்னது யாருன்னும் சொல்றேன்."

"ஜோசப்! அவனைத் தள்ளிட்டு வேலையைப் பாரு!"

ஜோசப் ஆனந்த் கடப்பாரையைப் பிடித்தபடி நின்றான். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. "கல்லோட இன்னொரு முனை என் தோள்ல இருந்துச்சு மொதலாளி" என்றான். "செல்வாக்கா கையால சோறு தின்னிருக்கேன்." கடப்பாரையைச் சேற்றில் போட்டான். அது சத்தமில்லாமல் முழுசாக உள்ளே போனது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மற்றவர்களின் கையிலிருந்த கடப்பாரைகளும் கீழே இறங்கின.

"நாளையிலேருந்து ஒருத்தனுக்கும் வேலை கெடையாது. சேதராப்பட்டுலேருந்து ஆளுங்களை எறக்குவேன். பொழுது சாயறதுக்குள்ள இந்தக் கல்லு நகரும்."

"எறக்குங்க" என்றாள் வெரோனிகா. "அவங்க வீட்லயும் பொம்பளைங்க இருப்பாங்க. நாங்க பேசிக்கறோம்."

இளஞ்செழியன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். கார் போகவில்லை. உள்ளே உட்கார்ந்து அவர் யாருக்கோ போன் செய்வது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. உடலை வாங்கிக்கொள்ளப் புருஷன் வர வேண்டும். முருகையன் கல்லை விட்டு நகரவில்லை. கல்லையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் போயிட்டா இதைப் பேத்துடுவாங்க. போவலன்னா அவ அங்க தனியாக் கெடப்பா."

"போண்ணே. அவளை அழைச்சிட்டு வா. அவளுக்குத் துணையா நீ இரு. இங்க நாங்க இருக்கோம்."

"தண்ணி ஏறும், வெரோனிகா."

"தண்ணி எங்களுக்குப் புதுசா?"

அவன் போனான். கரையேறும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே போனது.

கடல் ஏற்றம் தொடங்கியது. பலகைகள் மிதந்து விலகின. பெண்கள் கல்லைச் சுற்றி, ஜல்லி கொட்டிய இடத்தில் கால் ஊன்றி நின்றார்கள். ஆண்களுக்கு இந்தச் சேறு பழக்கமில்லை. பலகை இல்லாமல் அவர்கள் இங்கே நின்றதே கிடையாது. ஜோசப் ஆனந்தின் ஒரு கால் நழுவி முழங்கால் வரை உள்ளே போனது. செல்வாம்பாள் எப்படிப் போயிருப்பாள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அஞ்சலாட்சி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "குதிகாலை ஊனாத. கட்டை விரலை மொதல்ல வை. மெதுவா. என் கையை விட்டுடாத."

"விடலக்கா."

அவன் மற்றக் கையை நீட்டினான். இன்னொருவன் பிடித்தான். அவன் கையை ஒருத்தி பிடித்தாள். சாலையில் இன்னொரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் இறங்கினார்கள். எத்தனை பேர் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்புக்கு ஏறியிருந்த தண்ணீரில் அழுதபடியே, வட்டத்தை இன்னும் நெருக்கமாக்கிக்கொண்டார்கள்.